நம் எம்.பி. மக்களவையில் என்ன கேட்டார்? சுங்கை சிப்புட் காட்டும் கணக்கு



உங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் யார் என்று கேட்டால் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு கொடுத்தார், தீபாவளிக்கு எத்தனை குடும்பங்களுக்கு அரிசியும் எண்ணெயும் கொடுத்தார், தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு காசோலை வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சரி, போன கூட்டத் தொடரில் அவர் எழுந்து நின்று எந்த அமைச்சரிடம் என்ன கேள்வி கேட்டார்?

பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் இருக்காது. அதற்காக உங்களைக் குறை சொல்லவில்லை. விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறி, ஓவர்டைம் முடித்து இரவில் வீடு திரும்புகிறவருக்கு மக்களவை நடவடிக்கைகளைப் படிக்க நேரம் ஏது? பத்திரிகைகளும் எம்.பி. மாலை போட்டுக்கொண்ட படத்தைத்தான் நான்கு பத்திக்குப் போடுகின்றன. அவர் கேட்ட கேள்வி கடைசிப் பக்கத்திலும் வருவதில்லை.

ஆனால் எம்.பி. என்ற பதவி மாலைக்கும் காசோலைக்கும் ஏற்பட்டதல்ல. சட்டம் இயற்றுவது, அரசாங்கத்தின் செலவுக்கு ஒப்புதல் கொடுப்பது, அமைச்சர்களைக் கேள்வி கேட்பது, இவைதான் அவர் வேலை. சாலை போடுவது பொதுப்பணி இலாகாவின் வேலை. குப்பை அள்ளுவது நகராண்மைக் கழகத்தின் வேலை. இந்த வேறுபாட்டை நம் மக்களிடமிருந்து பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தார்கள். அப்படி மறைத்ததால் யாருக்கு லாபம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைப் புரிந்துகொள்ள நாடு முழுவதும் சுற்ற வேண்டியதில்லை. பேராக்கில் ஒரு தொகுதியே போதும். சுங்கை சிப்புட்.

நம் சரித்திரத்தில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் தேதி இங்குள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. ரப்பர் தோட்டங்கள், சீனப் புதுக்கிராமங்கள், மலாய்க் கம்போங்கள், உள்ளே மலைக்காட்டில் தெமியார் பூர்வகுடிக் குடியிருப்புகள், எல்லாம் சேர்ந்த தொகுதி. எந்த ஓர் இனமும் தனியாக ஜெயிக்க முடியாத தொகுதி.

1959 முதல் 1974 வரை இதன் உறுப்பினர் துன் வீ.தி. சம்பந்தன். 1974 முதல் 2008 வரை ச. சாமிவேலு. இரண்டு பேருமே ம.இ.கா. தேசியத் தலைவர்களாக இருந்தவர்கள், இரண்டு பேருமே நெடுங்காலம் அமைச்சர்கள். துன் சம்பந்தன் தோட்டத் துண்டாடலின்போது 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். அதை யாரும் மறக்க முடியாது. சாமிவேலு காலத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களே வாழ்ந்து பார்த்தவர்கள்.

நான் இங்கே சொல்ல வருவது வேறு. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி இந்தத் தொகுதியின் உறுப்பினர் கேள்வி கேட்கும் இடத்தில் உட்காரவில்லை. பதில் சொல்லும் இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

அதனால் என்ன, அமைச்சர் என்றால் இன்னும் பலம்தானே என்று கேட்பீர்கள். சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 43(3)-ஆவது விதிப்படி அமைச்சரவை நாடாளுமன்றத்துக்குக் கூட்டுப் பொறுப்பு ஏற்கிறது. அதாவது, அமைச்சர் ஒருவர் அமைச்சரவையின் முடிவைப் பிடிக்கவில்லை என்று மக்களவையில் எழுந்து பேச முடியாது. பிடிக்கவில்லை என்றால் பதவி விலக வேண்டும். தோட்ட வீடமைப்புக் கொள்கை தவறு என்றோ, குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் ஏன் இல்லை என்றோ அவர் தன் சக அமைச்சரை அவையில் நிறுத்திக் கேட்க முடியாது. தன் இலாகாவைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லலாம், அவ்வளவுதான்.

பின் எங்கே பேசினார்கள்? "அமைச்சரவையில் பேசிவிட்டேன்" என்ற வாசகத்தை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! தமிழ்ப்பள்ளிக்குப் பேசினேன், குடியுரிமைக்குப் பேசினேன், கோயிலுக்குப் பேசினேன். பேசியிருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் அமைச்சரவைக் குறிப்புகள் 1972-ஆம் ஆண்டு அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ் ரகசியம். பேசினாரா, பேசினால் எப்படிப் பேசினார், அதற்கு என்ன பதில் கிடைத்தது என்று நீங்களோ நானோ போய்ப் பார்க்க முடியாது. ஆதாரம் காட்ட முடியாத சேவைக்கு நாம் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் போட்டோம்.

2008 மார்ச் 8-இல் அது முடிந்தது. 2007 நவம்பர் 25-இல் கோலாலம்பூர் தெருக்களில் திரண்ட மக்களின் கோபம் நான்கு மாதங்களில் ஓட்டுப் பெட்டிக்குள் போனது. சுங்கை சிப்புட்டில் டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் தேவராஜ் 16,458 ஓட்டுகள், சாமிவேலு 14,637 ஓட்டுகள். 1,821 வித்தியாசம். ஜெயக்குமார் நெஞ்சக நோய் மருத்துவர், மலேசிய சோசலிசக் கட்சிக்காரர். அக்கட்சி அப்போது பதிவு பெறாததால் பி.கே.ஆர். சின்னத்தில் நின்றார். 1999-லும் 2004-லும் இதே தொகுதியில் தோற்றவர். 'அலைகள்' என்ற அமைப்பின் வழியாகத் தோட்ட மக்களோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர் என்பதால் அவர் முகம் அங்கே புதிதல்ல.

அந்த நாள் முதல் சுங்கை சிப்புட்டுக்கு ஒரு பின்வரிசை உறுப்பினர் கிடைத்தார். பதவி இல்லை, கொடி கட்டிய கார் இல்லை, கையெழுத்துப் போட இலாகா இல்லை. வாய் மட்டும் இருந்தது.

அந்த வாயை வைத்து என்ன செய்ய முடியும்? கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், பள்ளிக்கூடத்தில் யாரும் நமக்கு இதைச் சொல்லித் தரவில்லை.

மக்களவையில் 222 பேர். கூட்டம் நடக்க 26 பேர் இருந்தால் போதும் என்பது விதி. எத்தனை நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன என்பதை நேரடி ஒளிபரப்பில் நீங்களே பார்க்கலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஓர் உறுப்பினர் பத்துக் கேள்விகள் வரை நேரடிப் பதிலுக்கும், ஐந்து கேள்விகள் வரை எழுத்துப்பூர்வப் பதிலுக்கும் கொடுக்கலாம் என்பது அவர் காலத்து விதி. நேரடிக் கேள்விகளில் பல, நேரம் முடிந்துவிட்டதால் அவையில் எழுப்பப்படாமலே போகும். அவற்றுக்கும் எழுத்தில் பதில் வரும். அமைச்சர் பதில் சொன்னதும் துணைக் கேள்வி கேட்கலாம். அவசரப் பொது விவகாரம் என்றால் 18(1) விதியின் கீழ்த் தீர்மானம் கொடுக்கலாம். சபாநாயகர் பெரும்பாலும் நிராகரிப்பார், ஆனால் நிராகரித்ததும் பதிவாகும். வரவு செலவுத் திட்டம் வரும்போது ஒவ்வோர் அமைச்சின் செலவையும் குழு நிலையில் தனித்தனியாக விவாதிக்கலாம்.

இதில் எழுத்துப்பூர்வப் பதிலைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். வழக்கறிஞர் என்ற முறையில் சொல்கிறேன், அமைச்சர் மேடையில் கொடுக்கும் வாக்குறுதியை வைத்துக்கொண்டு தொழிலாளர் இலாகா முகப்பில் ஒன்றும் செய்ய முடியாது. "இந்தத் தோட்டத்துக்கு வீடமைப்புச் சட்டம் பொருந்தும்" என்று அமைச்சு எழுத்தில் பதில் கொடுத்திருந்தால் அந்தத் தாளை அதிகாரியின் மேசையில் வைக்கலாம். அதிகாரியின் பேச்சே மாறும்.

பேசும் சுதந்திரமும் உறுப்பினருக்கு உண்டு. அரசியலமைப்பின் 63-ஆவது விதிப்படி, அவையில் பேசியதற்காக அவர் மீது வழக்குப் போட முடியாது. வெளியே நீங்களோ நானோ பேசினால் அவதூறு வழக்கு வரக்கூடிய கம்பெனியின் பெயரை அவர் உள்ளே சொல்லலாம். ஒரே ஒரு விதிவிலக்கு, 1971 திருத்தத்துக்குப் பிறகு தேச நிந்தனைச் சட்டம் அவைக்குள்ளும் பாயும். அது முதலில் யார் மீது பாய்ந்தது தெரியுமா? 1978-இல் தமிழ், சீனப் பள்ளிகளை மூட வேண்டும் என்று மக்களவையில் பேசிய மார்க் கோடிங் என்ற சபா உறுப்பினர் மீது. பள்ளியை மூடு என்று சொன்னது குற்றமல்ல, அதற்கு இடம் தராத அரசியலமைப்பு விதியைத் திருத்தச் சொன்னதுதான் குற்றம் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்வரிசையில் இருப்பவர் நமக்கு நல்லவராகத்தான் இருப்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அதனால்தான் ஏட்டைப் படிக்க வேண்டும் என்கிறேன்.

ஜெயக்குமாரின் பத்தாண்டு ஏட்டைப் புரட்டினால் என்ன தெரிகிறது? தோட்டம் விற்கப்பட்டதும் லயத்தை விட்டு வெளியேற்றப்படும் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினை. குறைந்தபட்சச் சம்பளம். வேலை நீக்கப்பட்டு இழப்பீடு கிடைக்காதவர்கள். அரசாங்க மருத்துவமனைகளில் பணம் கட்டும் நோயாளிகளுக்கு முன்னுரிமை கொடுக்கும் போக்கு. பல ஆண்டுகள் பயிர் செய்த நிலத்திலிருந்து விரட்டப்படும் சிறு விவசாயிகள். பூர்வகுடி மக்களின் பாரம்பரிய நிலம். டி.பி.பி.ஏ. வர்த்தக ஒப்பந்தம் வந்தால் மருந்து விலை என்னவாகும் என்ற கேள்வி. ஒரு மருத்துவர் என்பதால் சுகாதாரத்தைப் பற்றிப் பேசும்போது அமைச்சர்கள் அவரைச் சும்மா தட்டிக்கழிக்க முடியவில்லை.

குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம், உங்கள் சமையலறையைத் தொட்ட விஷயம் அது. ரப்பர் மரத்துக்கு மழை வந்தால் சம்பளம் இல்லை என்றிருந்த நாள்கூலி வாழ்க்கையை உங்கள் தாய் தகப்பன் அறிவார்கள். தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். 2008 டிசம்பரில் ஜெரிட் அமைப்பின் இளைஞர்கள் சைக்கிளில் புறப்பட்டு நாடாளுமன்றம் வரை வந்து கொடுத்த கோரிக்கைகளில் இதுவும் ஒன்று. தொழிற்சங்கங்கள் வெளியே கேட்டன, எதிர்க்கட்சிப் பின்வரிசை உள்ளே கேட்டது. 2011-இல் சட்டம் வந்தது. 2013 ஜனவரி முதல் தீபகற்பத்தில் 900 வெள்ளி. இன்றைய 1,700 வெள்ளியும் அதே சட்டத்தின் கீழ் வந்ததுதான். வேலையிழந்தவர்களுக்கான காப்புறுதித் திட்டம் 2018 ஜனவரியில் தொடங்கியதும் இப்படி நெடுநாள் கேட்டுக் கேட்டு வந்ததே. இவற்றை ஜெயக்குமார் ஒருவரே கொண்டு வந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் தெருவில் நின்றவர்களுக்குத் துரோகம். தெருவில் நின்றவர்களின் கோரிக்கை ஹன்சாட்டில் ஏறியதற்கு உள்ளே ஆள் இருந்தது காரணம் என்று மட்டும் சொல்வேன்.

அவர் பேசும்போதெல்லாம் ஹன்சாட்டில் அவர் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "சுங்கை சிப்புட்" என்று அச்சாகும். எல்லா உறுப்பினர்களுக்கும் அப்படித்தான். உங்கள் ஊர்ப் பெயர் அந்த ஏட்டில் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடினாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

இனி அவருக்கு நடந்ததைப் பாருங்கள். தேசிய முன்னணி உறுப்பினர்களுக்குத் தொகுதி மேம்பாட்டுக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கீடு. எதிர்க்கட்சி உறுப்பினரின் தொகுதிக்கு அது மறுக்கப்பட்டது. இது அந்த உறுப்பினரின் சொந்தப் பணமல்ல, நீங்கள் கட்டும் வரிப்பணம். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட ஊரில் பள்ளிக் கூரை ஒழுகினால் ஒழுகட்டும் என்பதுதானே இதன் பொருள்? ஜெயக்குமார் நீதிமன்றம் போனார். நீதித்துறை மறுஆய்வுக்கு அனுமதி கேட்கும் முதல் படியிலேயே மனு தள்ளுபடி. மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிரித்துவிட்டது. இந்தத் தீர்ப்பை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. நீதிமன்றத்தை மதிக்கிறேன், ஆனால் 8-ஆவது விதி சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று சொல்லும் நாட்டில், ஓட்டுப் போட்ட திசையைப் பார்த்துப் பொதுப்பணம் பங்கிடப்படுவதை யாரும் விசாரிக்க முடியாது என்றால் அந்த விதி எதற்கு? 2018-க்குப் பிறகு ஆட்சிகள் மாறின. 2021 செப்டம்பரில் அரசாங்கமும் பக்காத்தானும் செய்துகொண்ட உடன்படிக்கையில் சமமான ஒதுக்கீடு பேசப்பட்டது. அது அரசியல் உடன்படிக்கை, சட்டம் அல்ல. கொடுத்த கை எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளும்.

2011 ஜூன் 25-இல் பினாங்கில் அவருடைய கட்சியின் பிரச்சாரப் பேருந்தை மறித்து முப்பது பேரைப் பிடித்தார்கள். பேரரசருக்கு எதிராகப் போர் தொடுக்க முயன்றதாகச் சந்தேகமாம்! ஜூலை 2-இல் ஆறு பேரை அவசரகாலச் சட்டத்தின் கீழ் மீண்டும் பிடித்து, விசாரணையின்றி ஜூலை 29 வரை அடைத்து வைத்தார்கள். சுங்கை சிப்புட் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் அந்த ஆறு பேரில் ஒருவர்.

இவ்வளவுக்குப் பிறகும் 2013-இல் 2,793 ஓட்டுகள் வித்தியாசத்தில் அவரை மீண்டும் அனுப்பினார்கள். அந்த மக்களுக்கு நம் வணக்கம்.

நம் வாசகர்களில் பலர் மனதில் இருக்கும் ஒரு கேள்வியை நான் தவிர்க்கப் போவதில்லை. "அவர் சோசலிசவாதி, ஏழை என்றுதான் பேசுவார், இந்தியன் என்று பேச மாட்டார்" என்று சொல்கிறீர்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. வர்க்கக் கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்ற அக்கட்சியின் பார்வையோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று தலைமுறையாக இங்கே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு அலையும் பாட்டிக்கு வந்த துன்பம் வறுமையால் மட்டும் வந்ததல்ல. இடிக்கப்பட்ட கோயிலையும் பகுதி மானியப் பள்ளியையும் சம்பளக் கணக்கில் அடக்க முடியாது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தோட்ட வீடு, சம்பளம், வேலை நீக்கம் என்று அவர் பேசியதில் முன்வரிசையில் பாதிக்கப்பட்டவர்கள் யார்? இந்தியர் என்ற சொல்லை மேடைக்கு மேடை முழங்கியவர்கள் மக்களவையில் அதற்காக எத்தனை கேள்வி எழுப்பினார்கள்? இரண்டு ஏட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

2018 மே மாதம் அவர் தோற்றார். சாதாரணத் தோல்வி அல்ல. பக்காத்தானோடு தொகுதிப் பேச்சு கைகூடாமல் தன் கட்சியின் சொந்தச் சின்னத்தில் நின்று, சுமார் 1,500 ஓட்டுகள் பெற்று, வைப்புத்தொகையையும் இழந்தார். பி.கே.ஆர். வேட்பாளர் சு. கேசவன் வென்றார், 2022-இல் ம.இ.கா. தலைவரைத் தோற்கடித்து மீண்டும் வந்தார். அன்று மக்கள் ஆட்சியை மாற்ற ஓட்டுப் போட்டார்கள், அதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனிச் சின்னம் என்பது அந்த ஆண்டில் வீண் பிடிவாதம் என்பதும் என் கருத்து. ஆனாலும் பத்தாண்டுப் பதிவு உள்ள ஒருவருக்கு 1,500 ஓட்டு என்றால், அந்தப் பதிவு வீடுகளுக்குப் போய்ச் சேரவேயில்லை என்றுதான் அர்த்தம். ஹன்சாட் மலாயில் இருக்கிறது. அதைத் தமிழில் எடுத்துச் சொல்ல ஒரு நாளேடும் முன்வரவில்லை. கிடைக்காத ஒதுக்கீட்டால் போடப்படாத சாலை மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் மக்களவை ஹன்சாட் தேதி வாரியாக இருக்கிறது, கட்டணம் இல்லை. படிவம் மூன்று படிக்கும் உங்கள் பிள்ளையை உட்கார வைத்து, தொகுதிப் பெயரைப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். கேசவனின் ஏட்டையும் பாருங்கள், உங்கள் தொகுதி எம்.பி.யின் ஏட்டையும் பாருங்கள். எந்தக் கட்சியாக இருந்தாலும் அளவுகோல் ஒன்றுதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அமைச்சரைப் பாராட்டுவதற்காகவே கேட்கப்படும் கேள்விகளும் ஏராளம், இரண்டு பக்கம் படித்தாலே பிடிபட்டுவிடும். ஒரே விஷயத்தை அடுத்த கூட்டத்திலும் அதற்கடுத்த கூட்டத்திலும் விடாமல் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

பிறகு உங்கள் பிரச்சினையைக் கேள்வியாக்கி அவரிடம் கொடுங்கள். சேவை மையத்துக்குப் போய் "ஐயா, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று சொன்னால் ஓர் ஆதரவுக் கடிதம் கிடைக்கும், அதோடு முடிந்தது. தோட்டத்தின் பெயர், எத்தனை குடும்பம், எந்தத் தேதியில் வெளியேறச் சொல்லி நோட்டீஸ் வந்தது, எந்த இலாகாவுக்கு எப்போது மனு போட்டீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். "இதை எழுத்துப்பூர்வப் பதிலுக்குக் கேளுங்கள், பதிலின் நகலை எங்களுக்குக் கொடுங்கள்" என்று கடைசி வரியில் சேருங்கள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கேள்விகளைக் கூட்டம் தொடங்குவதற்குப் பல நாட்கள் முன்பே அவர் மக்களவைச் செயலகத்தில் சேர்க்க வேண்டும். கூட்டங்களின் தேதிகளும் அதே இணையத்தளத்தில் இருக்கின்றன. தேதியைப் பார்த்து, ஒரு மாதம் முன்னதாகவே தாளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.